உளவியல் ஓர் அறிவியலா?

ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்தவர்களிடம் உலகின் முதல் உளவியல் ஆய்வகம் எது என்று கேட்டால் யோசிக்காமல் விடை வரும். ஜெர்மனியின் லைப்சிக் நகரம், 1879, வில்ஹெல்ம் வுண்ட். தேர்வின் 150 மதிப்பெண்களில் 30 குழந்தை மேம்பாட்டுக்கும் கற்பித்தல் முறைகளுக்கும் என்பதால் இந்தப் பெயர்களை உருப்போட்டே ஆக வேண்டியிருந்தது. அந்த ஆய்வகத்துக்குள் என்னதான் செய்தார்கள் என்று நம்மை யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

உளவியலைப் பற்றி ஆசிரியர் அறையில் இரண்டு விதமான பேச்சு உண்டு. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் குறுவள மையக் கூட்டங்களின் தேநீர் இடைவேளையில் இரண்டையும் கேட்டிருக்கிறேன். "அதெல்லாம் பரீட்சைக்குப் படிச்சதோட சரி சார், வகுப்புல நம்ம அனுபவம்தான் கைகொடுக்கும்" என்பது ஒன்று. "சைக்காலஜிப்படி இவன் பார்த்துக் கத்துக்கிற பையன், காதால கேட்டா ஏறாது டீச்சர்" என்பது மற்றொன்று. முதலாமவர் உளவியலை அறிவியலாகவே எண்ணுவதில்லை. இரண்டாமவர் அதன் பெயரில் வரும் எதையும் அறிவியல் என்று எடுத்துக்கொள்கிறார். இரண்டு பேச்சிலும் ஒரு குழந்தையின் ஓராண்டுப் படிப்பு சிக்கியிருக்கிறது. ஆகவே இந்தத் துறை எங்கே தொடங்கியது, அதன் எந்தக் கூற்றை எவ்வளவு நம்பலாம் என்று கொஞ்சம் பேசிப் பார்ப்போம்.

மனத்தை அளக்க முடியுமா?

மனத்தைப் பற்றிய சிந்தனை மிகப் பழையது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களை நான்கு நான்காக வகுக்கிறது. உள்ளத்து உணர்ச்சி உடலில் எப்படித் தெரியும் என்று கூர்ந்து பார்த்தவர்கள் செய்த வகைப்பாடு அது. ஆனால் கூர்ந்து பார்ப்பதும் வகைப்படுத்துவதும் அறிவியலில் பாதி வேலைதான். 'நான் சொல்வது தவறாக இருந்தால் அது எனக்கு எப்படித் தெரியவரும்?' என்பதற்கும் ஒரு வழி வேண்டும். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட், மனத்தின் ஓட்டங்களுக்குக் கணிதத்தைப் பொருத்த முடியாது, எனவே உளவியல் முறையான அறிவியலாக முடியாது என்று 1786-இல் எழுதினார்.

அதற்கான மறுப்பு யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து தொடங்கியது. லண்டனை அடுத்த கிரீனிச் வானாய்வகத்தில், தலைமை வானியலாளர் மாஸ்கலின் தம் உதவியாளர் கின்னிபுரூக்கை 1796-இல் வேலையிலிருந்து நீக்கினார். தொலைநோக்கியில் ஒரு விண்மீன் கம்பியைக் கடக்கும் நேரத்தைக் கின்னிபுரூக் குறித்தால், அது மாஸ்கலின் குறிப்பதைவிட முக்கால் வினாடி அளவுக்குத் தாமதமாக இருந்தது. அதுதான் குற்றம். இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து பெசல் என்ற வானியலாளர் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, தம்மையும் சக வானியலாளர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கவனமாகப் பார்த்தவர்களுக்கிடையிலும் அத்தகைய வேறுபாடு இருந்தது. ஒருவரை மெத்தனக்காரர் என்று வெளியே அனுப்பிய பிறகுதான், அது மனித இயல்பு என்று புரிந்தது.

1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அடுத்த அடியை எடுத்து வைத்தார். நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியர் மியூல்லரே சொல்லியிருந்தார். மாணவரோ தவளையின் நரம்பில் அளந்து காட்டிவிட்டார். வினாடிக்குச் சுமார் 30 மீட்டர்தான். நம் ஊர் வழியாகச் செல்லும் பொதிகை எக்ஸ்பிரஸ் நல்ல தடத்தில் ஓடுகிற வேகத்துக்கு அருகில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னல் வேகம் என்று எண்ணியிருந்தது ரயில் வேகமாக இருந்தது!

1868-இல் டச்சு மருத்துவ அறிஞர் டாண்டர்ஸ் வெளியிட்ட ஆய்வு வகுப்பறையிலேயே செய்து பார்க்கத் தக்கது. ஒரு மீட்டர் அளவுகோலை ஒரு மாணவி செங்குத்தாகப் பிடித்திருக்கட்டும். கீழ்முனையில் சுழி இருக்கும் இடத்தில் இன்னொரு மாணவி விரல்களை விரித்துத் தயாராக இருக்கட்டும். சொல்லாமல் அளவுகோலை விட்டதும் பிடிக்க வேண்டும். 20 செ.மீ.யில் பிடித்தால் அவளுடைய துலங்கல் நேரம் ஏறத்தாழ 0.20 வினாடி. ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் சமன்பாடு ஒன்றே இந்தக் கணக்குக்குப் போதும். இப்போது இரண்டு அளவுகோல்களை எடுத்துக்கொண்டு, இடக்கைக்கு நேராக ஒன்றும் வலக்கைக்கு நேராக ஒன்றும் பிடியுங்கள். எது விழும் என்று தெரியாது. விழுவதை மட்டும் பிடிக்க வேண்டும். பிடிக்கும் இடம் கீழே அல்ல, அளவுகோலில் மேலே மேலே போகும். 45 செ.மீ. என்றால் 0.30 வினாடி. கை அதே கை, கண் அதே கண். கூடுதலான அந்த நேரம் 'எது?' என்று முடிவெடுக்க ஆனது. சிந்தனை நேரம் எடுத்துக்கொள்கிறது, அந்த நேரத்தைக் கழித்தல் கணக்காகக் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் டாண்டர்ஸின் யோசனை.

லைப்சிக் ஆய்வகத்தில் செய்யப்பட்ட வேலையில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது. வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் கடிகாரத்தை வைத்து, ஒளியைப் பார்த்ததும் விசையை அழுத்த ஆகும் நேரம், நிறத்தைப் பிரித்தறிய ஆகும் நேரம் என்று அளந்தார்கள். வுண்ட் பேராசிரியராக லைப்சிக் வந்த ஆண்டு 1875. அதே ஆண்டில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் தொடங்கப்பட்டது. நம் ஊர் நூலகத்தின் வயதுதான் இந்த அறிவியலுக்கும். இயற்பியலோடு ஒப்பிட்டு உளவியலைக் குறை சொல்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த அளவீடுகளின் தொடர்ச்சி நம் கரும்பலகை வரை வருகிறது. அமெரிக்காவில் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அளவுகோலைப் பிடிக்கவே கால் வினாடி தேவைப்படும் குழந்தையிடம் ஏழாம் வாய்ப்பாட்டைக் கேட்டுவிட்டு ஒரு வினாடியில் "நீ உட்காரு, அடுத்து" என்கிறோம். மூன்று வினாடி மௌனம் எவ்வளவு நீளமாகத் தோன்றும் என்பதை வகுப்பில் முயன்று பார்த்தவர்களுக்கே தெரியும்.

மார்கழியும் எபிங்ஹாஸும்

நினைவை முதன்முதலில் அளந்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ். அவரிடம் ஆய்வகம் இல்லை, மாணவர்கள் இல்லை. தம்மையே ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டார். பொருளற்ற அசைகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கி, மனப்பாடம் செய்து, மறந்து, மீண்டும் மனப்பாடம் செய்து, ஒவ்வொரு முறையும் எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கெடுத்து 1885-இல் நூலாக வெளியிட்டார். மறதி முதல் ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் இழுத்துச் செல்கிறது, பிறகு மெதுவாகிறது. பொருளுள்ள செய்யுளைப் படித்தபோது, அதே அளவு பொருளற்ற அசைகளுக்கு ஆன முயற்சியில் பத்தில் ஒரு பங்கே தேவைப்பட்டது. ஒரே நாளில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிடப் பல நாள்களில் பிரித்துப் படிப்பது குறைந்த உழைப்பில் நிலைத்தது.

ஒரே ஒரு மனிதரை, அதுவும் தம்மையே சோதித்த ஆய்வை எப்படி நம்புவது? நியாயமான கேள்வி. 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதே முறையைப் பின்பற்றி மீண்டும் செய்து பார்த்தார்கள். 130 ஆண்டுகளுக்குப் பிறகும் மறதிக் கோடு கிட்டத்தட்ட அதே வடிவில் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகள் திருப்பாவைப் போட்டிக்குத் தயாராவதைப் பார்த்திருப்பீர்கள். முப்பது பாடல்கள், மார்கழியில் நாளுக்கு ஒன்று, அடுத்த ஆண்டு மறுபடியும். இடைவெளி விட்ட பயிற்சி என்று உளவியல் பெயரிட்டு நிறுவியதை ஒரு மரபு வேறு காரணத்துக்காகச் செய்துவந்திருக்கிறது. நம் மனப்பாடப் பகுதியை நாம் நடத்தும் விதமோ வேறு. திங்கள்கிழமை நடத்துகிறோம், செவ்வாய்க்கிழமை ஒப்பிக்கச் சொல்கிறோம், அத்தோடு பருவத் தேர்வில்தான் அடுத்த சந்திப்பு.

இன்னொரு முடிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் இரண்டு பத்திகளைக் கொடுத்தார்கள். ஒன்றை மாணவர்கள் இரண்டு முறை படித்தார்கள். இன்னொன்றை ஒருமுறை படித்துவிட்டு, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்ததே நன்றாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. எழுதிப் பார்த்ததில் 56 விழுக்காடு, திரும்பப் படித்ததில் 42 விழுக்காடு. 'நாலு தடவை படிச்சுட்டு வா' என்று சொல்லும் வழக்கத்துக்கு இது நேர் எதிர். பிறகு பலரும் பல பாடங்களில் செய்து பார்த்து உறுதிசெய்த முடிவு இது. வகுப்பறைக்கு உளவியல் தந்தவற்றுள் இதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

கணக்குப் போட்ட குதிரை

அளப்பதால் மட்டும் அறிவியல் வந்துவிடாது என்பதை ஒரு குதிரை கற்றுக்கொடுத்தது. பெர்லினில் ஒரு கணித ஆசிரியர் தம் குதிரை ஹான்ஸுக்குக் கூட்டல், பெருக்கல் எல்லாம் கற்றுத் தந்திருந்தார். கேள்வி கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். அறிஞர் குழு வந்து பார்த்தது. ஏமாற்று எதுவும் இல்லை. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற இளம் ஆய்வாளர் ஒரே ஒரு மாற்றம் செய்தார். விடை தெரியாத ஒருவரைக் கேள்வி கேட்க வைத்தார். குதிரைக்குக் கணக்கு வரவில்லை! சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை, முகம் ஆகியவற்றில் ஏற்பட்ட மிகச் சிறிய அசைவைப் பார்த்து அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. அந்த ஆசிரியருக்கே அது தெரியாது. (ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்கள் "நான் மனசுல நினைக்கிறது அதுக்குத் தெரியும்" என்பார்கள். நினைப்பது தெரியாது, முகம் தெரியும்.)

நம் பிள்ளைகள் ஹான்ஸைவிடக் கெட்டிக்காரர்கள். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது சார்" என்பதும், பலகையில் சரியான விடையின் பக்கம் நம் கை தயங்குவதைப் பார்த்து விடை சொல்வதும் அன்றாடம் நடப்பவை. கற்றதை அளக்கும் ஆசிரியர் தம் எதிர்பார்ப்பைத் தாமறியாமல் கசியவிடுகிறார். அதைத் தடுக்கும் ஏற்பாடுதான் ஆய்வின் உயிர்.

இந்த இடத்தில்தான் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வை அறிவியல் அல்ல என்று சொன்னார். ஓர் உதாரணம் பாருங்கள். மில்லில் இரவு ஷிஃப்ட் போகும் தந்தையின் மகன் வகுப்பில் சத்தம் போட்டால் 'தந்தை இல்லாத ஏக்கம்'. அதே பையன் பேசாமல் இருந்தாலும் 'தந்தை இல்லாத ஏக்கம்'. எந்த நடத்தை வந்தாலும் பொருந்திப்போகும் விளக்கம் எதையும் விளக்குவதில்லை.

அரும்பு என்பது பையனின் பெயரா?

1904-இல் பிரான்ஸ் நாட்டுக் கல்வி அமைச்சகம் அமைத்த குழுவில் ஆல்ஃபிரட் பினே இருந்தார். வழக்கமான வகுப்பில் தனி உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிய வேண்டும். ஆசிரியரின் விருப்பு வெறுப்பு அதில் கலக்கக் கூடாது. 1905-இல் சைமனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய சோதனையின் நோக்கம் அவ்வளவுதான். கிடைக்கும் எண் பிறவியிலேயே நிலைத்த ஒன்று என்ற கருத்தைப் பினே கடுமையாக எதிர்த்தார். பயிற்சியால் நுண்ணறிவு வளரும் என்று எழுதினார். 1911-இல் அவர் இறந்தார். 1916-இல் அமெரிக்காவில் டெர்மன் சோதனையை விரிவாக்கி நுண்ணறிவு ஈவைப் பரப்பியபோது, உதவி தேடித் தந்த கருவி பிறவித் தகுதியை எடைபோடும் தராசாகிவிட்டது. நம் நாட்டில் வி. வி. காமத் 1930-களில் கன்னடம், மராத்தி பேசும் குழந்தைகளுக்காகத் தகவமைத்த பினே–காமத் சோதனை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். இன்று இந்தக் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது, அடுத்து எதைக் கற்பிக்கலாம் என்பதற்கான பிரிவு அது. பினே கேட்டதும் இதைத்தான். ஆனால் "அவன் அரும்பு சார்" என்று சொல்லத் தொடங்கும்போது நிலை பெயராகிவிடுகிறது. 'மெல்லக் கற்போர்' என்ற சொல்லுக்கும் இதுவே நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சோதித்துத்தான் அந்தச் சொல்லை ஒரு குழந்தைமேல் வைக்க நமக்கு உரிமை உண்டு. ஜூன் மாதத்துப் பட்டியலைப் பார்த்து மார்ச்சில் பேசக் கூடாது.

முன்பே சொன்ன 'பார்த்துக் கற்கிற பையன்' என்ற பேச்சுக்கும் வருவோம். பார்த்துக் கற்போர், கேட்டுக் கற்போர், செய்து கற்போர் என்று பயிற்சிகளில் இன்றும் சொல்லப்படுகிறது. இதைச் சோதிப்பது எளிது. இரண்டு வகையினரையும் இரண்டு விதமாகவும் கற்பித்துப் பார்த்து, தத்தம் பாணியில் கற்றவர்களே நன்றாகச் செய்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 2008-இல் பாஷ்லரும் மூன்று ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தேடினார்கள். அப்படி முறையாகச் சோதித்தவை மிகச் சிலவே இருந்தன. அவற்றிலும் பல இக்கருத்துக்கு எதிராகவே இருந்தன. படம், பாட்டு, செயல்பாடு மூன்றையும் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுங்கள், நல்லது. ஒரு குழந்தைக்குப் பாணிப் பெயர் சூட்டி மற்றவற்றை மறுக்க மட்டும் ஆதாரம் இல்லை.

சறுக்கிய முடிவுகள்

2015-இல் 270 ஆய்வாளர்கள் சேர்ந்து, பெயர்பெற்ற இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு 'உறுதி' என்று அறிவித்திருந்தன. திரும்பச் செய்தபோது 36 விழுக்காடே தேறின. "பார்த்தீர்களா, இது அறிவியலே இல்லை" என்று பலர் கைதட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் பரீட்சைத் தாளைத் தானே மறுகூட்டல் செய்து, மதிப்பெண் குறைந்ததையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் துறைகள் குறைவு.

சறுக்கியவற்றுள் நமக்குப் பழக்கமானது மிட்டாய்ச் சோதனை. இப்போது ஒன்று, பதினைந்து நிமிடம் பொறுத்தால் இரண்டு. பொறுத்த குழந்தைகள் பிற்காலத்தில் சிறந்தார்கள் என்று மேடைகளில் கேட்டிருப்போம். 2018-இல் அதிகக் குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் இன்னும் சுருங்கியது. 2013-இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில், சோதனைக்கு முன் சில குழந்தைகளிடம் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்கள், சிலரிடம் மீறினார்கள். முதல் குழு சராசரியாக 12 நிமிடம் பொறுத்தது, இரண்டாவது 3 நிமிடம். தட்டில் பால்கோவாவை வைத்துவிட்டு 'இரு, இன்னொன்று தருகிறேன்' என்றால், சொன்னது கிடைத்துப் பழகாத வீட்டுப் பிள்ளை உடனே எடுத்துக்கொள்வதில் மனவலிமைக் குறைவு எதுவும் இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. முன்னணி உளவியல் இதழ்களில் ஆய்வுக்குட்பட்டவர்களில் 96 விழுக்காட்டினர் மேலைத் தொழில்வள நாட்டவர் என்று ஒரு கணக்கெடுப்பு 2008-இல் காட்டியது. அந்நாடுகளின் மக்கள் உலகில் 12 விழுக்காடுதான். நம் நாட்டிலும் இந்தத் துறை புதிதன்று. லைப்சிக்கில் வுண்டிடம் பயின்ற மியூன்ஸ்டர்பெர்க் ஹார்வர்டு சென்றார். அவரிடம் பயின்ற என். என். சென்குப்தா 1916-இல் கல்கத்தாவில் தொடங்கிய துறைக்குத் தலைமையேற்றார். லண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்ற கோபாலசுவாமி 1924-இல் மைசூரில் துறையைத் தொடங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இல் ஜி. டி. போவாஸ் தலைமையில் துறை வந்தது. ஆனாலும் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில், தமிழில், இந்த முடிவுகள் நிற்கின்றனவா என்று பார்த்த ஆய்வுகள் நாம் விரும்பும் அளவுக்கு இல்லை.

அதை நாமே சிறிய அளவில் பார்க்கலாம். ராஜபாளையத்தில் ஒரு பள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளி. ஒரே வகுப்பு, புதிதாகப் படிக்கும் அதே நான்கு குறட்பாக்கள். சீட்டுக் குலுக்கி வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். நாமாகப் பிரித்தால் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரு பக்கம் போய்விடுவார்கள். பதினைந்து நிமிடம் ஒரு பாதி திரும்பத் திரும்பப் படிக்கட்டும். மறு பாதி படித்து, மூடி, எழுதி, சரிபார்க்கட்டும். பத்து நாள் கழித்துச் சொல்லாமல் கேளுங்கள். சரியாக வரும் சீர்களை எண்ணுங்கள். விடை என்னவாக இருக்கும் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள், பிறகு மாற்றக் கூடாது. பத்தாம் நாள் கேட்பதற்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியரை அழையுங்கள். எந்தப் பிள்ளை எந்தக் குழு என்பது அவருக்குத் தெரியக் கூடாது.